கடன் வசூல் என்று போன் வந்தால்: கடலூர், புதுச்சேரி வட்டாரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

“உங்க பேர்ல லோன் நிலுவை இருக்கு மேடம். மதியம் பன்னெண்டு மணிக்குள்ள கட்டலைன்னா கேஸ் ஃபைல் ஆயிடும், போலீஸ் வீட்டுக்கு வரும்.”

இப்படி ஓர் அழைப்பு வந்ததும் நம்மில் பலர் மனதுக்குள் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். டூ வீலரின் கடைசி டியூ போனதா? தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டோமே, அது என்ன ஆச்சு? குழு லோனில் ஏதாவது பாக்கியா? கூப்பிட்டவனுக்கு வேண்டியதும் அதுதான். நாம் கடனைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் வரை அவன் யார் என்று யோசிக்க மாட்டோம்.

கடன் உண்மையா என்பது ஒரு கேள்வி. கூப்பிட்ட ஆள் உண்மையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் இரண்டாவதற்கும் ‘ஆமாம்’ ஆகிவிடாது. இந்த வழிகாட்டியில் வரும் எல்லா வேலையும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான். நிஜமாகவே தவணை தவறியவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். ‘கட்ட வேண்டிய காசுதானே’ என்று யாருக்கோ கட்டிவிடுவார்கள். கடன் அப்படியே நிற்கும்.

கடலூர் முதுநகரிலும் சரி, வில்லியனூரிலும் சரி, கடன் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நகைக்கடன், மகளிர் குழு லோன், போன் வாங்கிய இஎம்ஐ, கிரெடிட் கார்டு, பயிர்க்கடன், படகுக்கோ வலைக்கோ வாங்கியது என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். குத்துமதிப்பாக நூறு பேரைக் கூப்பிட்டாலே பல பேருக்கு அந்தப் பேச்சு பொருந்திவிடும்.

எந்தெந்த வேஷத்தில் வருவார்கள்

முதல் வகை, வாங்காத கடன். பெயரும் பான் எண்ணும் சரியாகச் சொல்வார்கள். கடைகளிலும் லோன் மேளாக்களிலும் நாம் கொடுத்த ஜெராக்ஸ் எத்தனை கை மாறியிருக்கும் என்பது நமக்கே தெரியாது. அதனால் பான் எண் தெரிந்திருப்பது ஒரு அத்தாட்சியே இல்லை.

இரண்டாவது, முடிந்துபோன கடன். “2019ல முடிச்சீங்க, ஆனா 4,380 ரூபாய் பெனால்டி நிக்குது. இன்னிக்குக் கட்டினா பாதி தள்ளுபடி.” தொகை சின்னதாக இருக்கும். சண்டை போடுவதைவிடக் கட்டித் தொலைக்கலாம் என்று தோன்றும் அளவுக்குத்தான் கேட்பார்கள்.

மூன்றாவதுதான் மோசமானது. கடன் நிஜம், தவணை தவறியதும் நிஜம், கூப்பிடுபவன் மட்டும் பொய். நிலுவைப் பட்டியல் எங்கிருந்தோ கசிந்து அவன் கைக்குப் போயிருக்கும். நிறுவனத்தின் பெயர், கடன் தொகை, தவறிய மாதம் எல்லாம் சரியாகச் சொல்வான். இறுதியில் ஒரு க்யூஆர் கோடு அனுப்புவான். “ஆபீஸ் அக்கவுன்ட்ல இன்னிக்கு சர்வர் டவுன், இதுல போடுங்க, நான் ரசீது போட்டுத் தரேன்.” அந்த யூபிஐயில் வரும் பெயர் ஒரு தனிமனிதரின் பெயராக இருக்கும்.

நான்காவது, அடுத்தவர் கடன். பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை செய்பவர், மைத்துனர் என்று யாரோ உங்கள் எண்ணை ‘ரெஃபரன்ஸ்’ என்று கொடுத்திருப்பார். ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவருக்கு அந்தக் கடனில் ஒரு பைசா பொறுப்பும் கிடையாது. ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் பொறுப்பு. இறந்துபோன அப்பா வாங்கிய கடனும் இப்படித்தான்: அவர் விட்டுப்போன சொத்து உங்களுக்கு வந்திருந்தால் அந்தச் சொத்தின் அளவுக்கு மட்டுமே கடன் கொடுத்தவர் கேட்க முடியும். உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. துக்க வீட்டைக் குறிவைத்துக் கூப்பிடுகிறவர்கள் இந்த விஷயம் பலருக்குத் தெரியாது என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

கடன் ஆப் மிரட்டலும் போலி போலீஸும் இதே குடும்பம்தான். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போன் காதில் இருக்கும்போதே

முதலில் செய்ய வேண்டியது எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது. “ஆமா சார், ரெண்டு மாசம் கட்டல, வீட்ல கஷ்டம்” என்று நாம் ஆரம்பித்தால் அவனுக்குத் தெரியாத பாதிக் கதையையும் நாமே கொடுத்துவிடுகிறோம். கஷ்டத்தைச் சொன்னால் இரக்கம் வரும் என்று நினைக்கிறோம். அந்தப் பக்கம் அது குறிப்பாக எழுதப்படுகிறது.

கேள்விகளை நீங்கள் கேளுங்கள். உங்கள் முழுப் பெயர் என்ன, எந்த நிறுவனத்தின் சார்பில் பேசுகிறீர்கள், எந்த ஏஜென்சி, ஊழியர் எண் என்ன, கடன் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் என்ன, எந்தத் தேதியில் கடன் கொடுக்கப்பட்டது? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். போலி ஆட்களில் பலர் கணக்கு எண்ணிலும் கடன் கொடுத்த தேதியிலும் தடுமாறுவார்கள். “அதெல்லாம் கேட்கிற இடத்துல நீங்க இல்ல” என்று குரல் உயரும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அந்த அழைப்பில் பணம் கட்டக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தகவல் கசிந்திருந்தால் எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருக்கும். நாம் கேள்வி கேட்பது பிறகு புகார் கொடுக்க விவரம் வேண்டும் என்பதற்காக. அவனுக்குத் தேர்வு வைத்துப் பாஸ் போடுவதற்காக அல்ல.

நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “சரி சார், நான் கம்பெனிக்கு நேரா பேசிக்கிறேன். நீங்க சொல்ல வேண்டியதை எழுத்துல அனுப்புங்க.” சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். உண்மையான வசூல் ஆளுக்கு இதனால் நஷ்டம் எதுவும் இல்லை. நீங்கள் போனை வைத்துவிட்டால் போலி ஆளுக்கு மட்டும்தான் நஷ்டம். லைனிலேயே இருங்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், வீடியோ காலுக்கு வாருங்கள் என்று அவன் கெஞ்சுவதும் மிரட்டுவதும் அதனால்தான்.

சில விஷயங்களை எந்தச் சூழலிலும் செய்ய வேண்டாம். ஓடிபி, யூபிஐ பின், கார்டின் பின்பக்க மூன்று இலக்கம் ஆகியவற்றைச் சொல்லக்கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது போனில் ஆப்பாக ஏறும் கோப்பை, நிறுவக்கூடாது. ‘லோன் ஸ்டேட்மென்ட்’, ‘கோர்ட் நோட்டீஸ்’ என்று பெயர் போட்டிருக்கும், உள்ளே போனால் உங்கள் எஸ்எம்எஸ் எல்லாம் அவன் பார்வைக்குப் போய்விடும். திரையைப் பகிரும் ஆப் போடச் சொன்னாலும் வேண்டாம். நட்சத்திரக் குறியும் எண்களுமாக ஏதாவது டயல் செய்யச் சொன்னால் அது உங்கள் அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடும் தந்திரமாக இருக்கலாம். ஏற்கெனவே டயல் செய்துவிட்டால் ##002# என்று போட்டு எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடுங்கள்.

ட்ரூகாலரில் வங்கியின் பெயர் வருகிறதே என்பார்கள். அந்தப் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களுக்கு மாற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, நல்லதுதான். அதற்காக 1600 என்று பார்த்ததும் பணம் போட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை.

போனை வைத்த பிறகு: கடன் உண்டா, எவ்வளவு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கடன் கொடுத்த நிறுவனத்தை நீங்களாகவே தொடர்புகொள்ளுங்கள். எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம். கடன் ஒப்பந்தம், பாஸ்புக், கார்டின் பின்பக்கம், ஏற்கெனவே பயன்படுத்தி வரும் அதிகாரப்பூர்வ ஆப் ஆகியவற்றில் இருக்கும் எண் மட்டும்தான் கணக்கு. கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். அங்கேயும் போலி எண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். கிளை பக்கத்தில் இருந்தால் நேரில் போவது இன்னும் நல்லது. திருப்பாதிரிப்புலியூரிலோ நேரு வீதியிலோ கிளை இருக்கும்போது போனில் எதற்குத் தொங்க வேண்டும்? கையெழுத்தோ முத்திரையோ உள்ள நிலுவைக் கணக்குத் தாள் ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள்.

எந்த நிறுவனம் என்றே தெரியவில்லை என்றால் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தத் தகவலை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தளத்தில் நுழைந்ததும் காசு கட்டும் திட்டத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பைத் தேடி எடுங்கள். உங்கள் பெயரில் வங்கியிலோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலோ உள்ள கடன்கள் அதில் இருக்கும், குழு லோன் உட்பட. தெருமுனை அடகுக்கடையும் வாரவட்டியும் அதில் வராது.

ரிப்போர்ட்டில் நீங்கள் வாங்காத கடன் ஒன்று நின்றால் பதறாமல் அந்தத் தளத்திலேயே ‘டிஸ்ப்யூட்’ எழுப்புங்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி இருக்கிறது. உங்கள் ஆவணங்களை வைத்து யாரோ கடன் வாங்கியிருப்பதாகத் தெரிந்தால் போலீஸ் புகாரும் வேண்டும்.

உண்மையான வசூல் எப்படி இருக்கும்

வங்கியும் நிதி நிறுவனமும் வசூலுக்கு ஆள் வைப்பது சட்டப்படி சரிதான். அந்த ஆள் கண்ணியமாக நடந்துகொள்வார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அவருக்கு என்னென்ன வரம்பு என்பது எழுதப்பட்டிருக்கிறது.

தவணை தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு, அதாவது ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு, வரம்பு இன்னும் இறுக்கம்: காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் கூடாது. குழு லோன் வாங்கிய பெண்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வசூல் நடப்பதும் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லி அவமானப்படுத்துவது, கெட்ட வார்த்தை, மிரட்டல் எல்லாம் எந்தக் கடனுக்கும் தடை.

நேரில் வரும் ஏஜென்ட் அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. டிஜிட்டல் கடன் என்றால், வசூல் ஏஜென்ட் உங்களைத் தொடர்புகொள்வதற்கு முன்பே அவர் விவரத்தை நிறுவனம் எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ அனுப்பியிருக்க வேண்டும். அப்படி எதுவும் வராமல் நேராக ஒருவன் வாட்ஸ்அப்பில் குதித்தால் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

அப்புறம் பணம் போகும் வழி. கடன் எந்த நிறுவனத்திடமிருந்து வந்ததோ அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அதன் ஆப்பில், கிளையில், உங்கள் கணக்கில் ஏற்கெனவே போட்டு வைத்த தானியங்கிப் பிடித்தத்தில் கட்டுங்கள். ஒரு தனிமனிதரின் யூபிஐ, ஏஜென்ட்டின் சொந்தக் கணக்கு, ‘என் மேனேஜர் நம்பர்’ இதெல்லாம் வழியே இல்லை. நிஜமான ஏஜென்ட்டே தன் சொந்த எண்ணுக்குப் போடச் சொன்னாலும் போடாதீர்கள். அந்தப் பணம் உங்கள் கணக்கில் ஏறுமா என்பது அவர் நேர்மையைப் பொறுத்தது, அதை வைத்து நீங்கள் பந்தயம் கட்ட வேண்டியதில்லை.

சேர்த்துப் பார்த்தால் நடைமுறை எளிது. நேரம் தவறினாலோ, மிரட்டினாலோ, அவசரப்படுத்தினாலோ, தனிமனிதர் கணக்கைக் காட்டினாலோ, அவன் போலியாக இருக்கலாம், அல்லது விதியை மீறும் நிஜ ஏஜென்ட்டாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கட்டாமல் வைத்துவிட்டு நிறுவனத்திடம் நேராகப் பேசுவது.

‘வாரண்ட் ரெடி’ என்றால்

தவணை கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது சிவில் விவகாரம். கடன் நிலுவைக்காக யாரையும் போனில் கைது செய்ய முடியாது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது. காக்கிச் சட்டை போட்டுப் பின்னால் கொடி வைத்துக்கொண்டு வீடியோ காலில் வருபவன் நாடகக்காரன்.

காசோலை திரும்பினால் கிரிமினல் வழக்கு உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் உங்களுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது வந்த பிறகு கட்டுவதற்கு 15 நாள் இருக்கிறது, அப்போதும் கட்டாவிட்டால்தான் நீதிமன்றத்தில் புகார். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பினாலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். ‘காலையில பவுன்ஸ் ஆச்சு, சாயங்காலம் அரெஸ்ட்’ என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வீட்டை அடமானம் வைத்த கடனிலும் வங்கி முதலில் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அடுத்த படிக்குப் போக முடியும்.

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. “420 கேஸ் போட்ருவோம்” என்று மிரட்டுபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு: ஏமாற்றுதலுக்கான 420ஆம் பிரிவு இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதில் ஏமாற்றுதல் 318ஆம் பிரிவு.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும் எல்லா நோட்டீஸும் போலி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நிதி நிறுவனங்கள் கடன் ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் நிபந்தனை (தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பது) வைப்பதுண்டு; அந்த நோட்டீஸ் வெளியூரிலிருந்து வரலாம், மெயிலிலும் வரலாம். காசோலை வழக்கும் பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில் போடப்படலாம். மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் கடிதமும் நிஜமாக இருக்கலாம். அதனால் சரிபார்க்க வேண்டும். நீதிமன்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் 16 இலக்கமும் எழுத்தும் கலந்த சிஎன்ஆர் எண் உண்டு. இ-கோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ அதைப் போட்டால் வழக்கு இருக்கிறதா, அடுத்த தேதி என்ன என்று வந்துவிடும். எண் இல்லாத ‘கோர்ட் ஆர்டர்’ வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு வக்கீலிடமோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமோ போங்கள். 15100 என்ற எண்ணிலும் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இந்த உதவி உண்டு.

கடன் ஆப் மிரட்டல்

ஐந்தாயிரம் ரூபாய் அவசரத்துக்கு ஏதோ ஓர் ஆப்பில் வாங்கியிருப்பார்கள். சிலருக்குக் கேட்காமலேயே சின்னத் தொகை கணக்கில் விழும். ஏழாவது நாளிலிருந்து மிரட்டல் தொடங்கும். நிறுவும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துவிட்டதால், உங்கள் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி எல்லோருக்கும் அனுப்புவேன் என்பார்கள்.

இதில் பணம் கட்டினால் நிற்காது. கட்டுகிறவர் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஆப்பின் பெயரில் இன்னொரு அழைப்பு வரும். ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். முதலில் மிரட்டல் செய்திகள், எண்கள், யூபிஐ விவரம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அதற்குப் பிறகு ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு ஆப்பை நீக்குங்கள். இந்த வரிசை மாறினால் ஆதாரம் போய்விடும். அடுத்து, உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு ஒரு செய்தி போடுங்கள்: “என் போன் தகவல் திருட்டுப் போயிருக்கு. என் பேர்ல ஏதாவது படமோ மெசேஜோ வந்தா திறக்காதீங்க, அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க.” மிரட்டலின் பலமே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம்தான். நாமே சொல்லிவிட்டால் அவன் கையில் மிச்சம் பெரிதாக ஒன்றும் இல்லை.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி கடன் ஆப் உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ அழைப்புப் பட்டியலையோ தொடவே கூடாது. அதைக் கேட்கிற ஆப் அங்கேயே தோற்றுவிட்டது. பதிவு பெற்ற நிறுவனங்களின் கடன் ஆப் பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே பார்க்கலாம். பதிவு இல்லாதவர்கள் மீது ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் புகார் கொடுக்கலாம். படத்தை வைத்து மிரட்டினால் சைபர் கிரைம் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தர முடியும்.

மனசு தாங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் உடனே 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், தமிழில் பேசுவார்கள். வீட்டில் ஒருவர் இப்படிப் போனைப் பார்த்துப் பார்த்து நடுங்குகிறார் என்றால் திட்டும் நேரம் அது இல்லை. அந்தப் போனை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930க்குக் கூப்பிடுவது. சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் அது. வீட்டில் சொல்லலாமா, யார் திட்டுவார்கள் என்றெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்த எண்ணில் புகார் பதிவானதும் பணம் போன வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் எடுக்கப்படாத தொகையை நிறுத்தி வைக்க முயற்சி நடக்கும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும் என்பதால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் கைகொடுக்கும். கூப்பிடும்போது பணம் போன நேரம், தொகை, உங்கள் வங்கிக் கணக்கு, யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், பணம் பெற்றவரின் யூபிஐ அல்லது எண் கையில் இருக்கட்டும். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் நேராகப் பதிவு செய்யுங்கள். கிடைக்கும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள்.

உடனே வங்கிக்கும் சொல்லி கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு விஷயம் கசப்பாக இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்: உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னவர்களுக்கு ரிசர்வ் வங்கி விதி நல்ல பாதுகாப்பு தருகிறது. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்கு அந்தப் பாதுகாப்பு சுலபத்தில் கிடைக்காது. அதனால்தான் 1930ஐ இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. ரெட்டிச்சாவடி வரை தமிழ்நாடு போலீஸ், முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி போலீஸ். வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில், வங்கிக் கணக்கு அங்கே, சிம் இங்கே என்று வாழ்கிறவர்கள் ஏராளம். “இது எங்க லிமிட் இல்ல, அங்க போங்க” என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். 1930ல் பேசும்போதும் நீங்கள் எந்த மாவட்டம், எந்த மாநிலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் இருக்கின்றன.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ என்ற பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யலாம். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

பணத்தை இழந்த சில வாரத்தில் இன்னொருவன் கூப்பிடுவான். “உங்க பணம் கிடைச்சிடுச்சு, ரிலீஸ் பண்ண சார்ஜ் கட்டுங்க.” இது அதே கும்பலோ, அவர்களிடம் பட்டியல் வாங்கிய கும்பலோ. முடக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், ஆனால் போனில் கட்டணம் கேட்கும் வேலை அதில் கிடையாது.

கடன் நிஜம், கட்ட முடியவில்லை என்றால்

கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நீங்களே முதலில் எழுதுங்கள். எவ்வளவு கட்ட முடியும், எந்தத் தேதியில் என்று குறிப்பிட்டு மெயிலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். பேசாமல் ஒளிந்திருப்பவருக்குத்தான் போலி ஆளின் ‘பாதி தள்ளுபடி’ தேன் மாதிரி இருக்கும். மிகப் பழைய கடன் என்றால் மட்டும் வக்கீலைக் கேட்காமல் எதையும் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டாம். பணக் கடனுக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருஷ வரம்பு உண்டு. அந்தக் காலத்துக்குள் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

நிஜ ஏஜென்ட்டே எல்லை மீறினால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மன், அதாவது வங்கி, நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிப்பவர். இணையத்தில் சிஎம்எஸ் தளம், கேட்டுத் தெரிந்துகொள்ள 14448. கட்டணம் இல்லை. கை, கால் என்று மிரட்டினால் இதெல்லாம் வேண்டாம், நேராக போலீஸ் அவசர எண் 112. பதிவு இல்லாத கந்துவட்டிக்காரர் என்றால் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. கட்டாயக் கடன் வசூலைத் தடுக்க 2025இல் ஒரு புதிய சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. இவை தமிழ்நாட்டுச் சட்டங்கள் என்பதைப் புதுச்சேரி வாசகர்கள் கவனிக்கவும். மிரட்டிப் பணம் பறிப்பது மட்டும் இரண்டு பக்கமும் குற்றம்தான்.

ஒரே தவணையில் முடிக்கும் பேச்சு நடந்தால் தொகையும் தேதியும் நிறுவனத்தின் லெட்டர் பேடில் வந்த பிறகுதான் பணம். அந்தக் கடிதம் உண்மையா என்று கிளையில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். குறைத்துக் கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று நிற்கும், முழுதாகக் கட்டினால் ‘க்ளோஸ்டு’. அடுத்த கடன் கேட்கும்போது வங்கி இந்த வித்தியாசத்தைப் பார்க்கும், எனவே தெரிந்தே முடிவெடுங்கள். என்ஓசி, அதாவது பாக்கி இல்லை என்ற சான்று, வாங்காமல் வராதீர்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால் கடன் முழுதாக முடிந்த 30 நாளில் திருப்பித் தர வேண்டும், தாமதம் அவர்கள் தவறென்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து அந்தக் கணக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடவில்லை என்றால் என்ஓசி நகலோடு நிறுவனத்துக்கு மெயில் போடுங்கள்.